ருக்கையாவுக்குப் போடாத வால்வு

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது இருதயப் பிரிவில் இருக்கும் ஒரு பெண் போன மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தாள். கெட்டிக்காரி. பேச உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டாள். வால்வு மாற்றப் போகிறவர்களுக்குக் கொடுப்பதற்காகத் தமிழில் ஒரு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார்களாம். இது பன்றியினுடையது, இது மாட்டினுடையது, இது உலோகம் என்று எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி, எது வேண்டும் என்று நோயாளியிடமே கேட்க வேண்டுமாம். "உங்க காலத்துல என்ன சொல்லுவீங்க மேடம்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொன்னதில்ல" என்றேன்.

வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலமே அப்படித்தான மேடம்" என்று சமாதானமும் சொன்னாள். அந்தச் சமாதானம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. காலத்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நழுவுவது சுலபம். வால்வுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனது காலம் இல்லை, நான். அவளிடம் வாயால் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் நாசரேத். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாத்தியார்கள். மதுரையில் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தேன். ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. அங்கே பெரிய டாக்டர் கையில் மாட்டினேன்.

பெரிய டாக்டர் சாத்தான்குளத்துக்காரர். வெளிநாட்டில் இருதய அறுவை படித்துவிட்டு வந்தவர். மாதம் ஒருமுறை வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் செய்வார். எங்கள் கரையோர நோயாளிகளை ரயிலேற்றி அங்கே அனுப்புவோம். நெஞ்சைத் திறக்கும் வசதி எங்களிடம் கிடையாது. ஆனால் நெஞ்சுக்குள் வைக்கும் வால்வை எங்கள் லேபில் தயார் செய்தோம். இன்றைக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். வெளிநாட்டு வால்வுக்காகக் காத்திருந்தால் நோயாளி காத்திருக்க மாட்டார் என்பது டாக்டரின் கணக்கு.

அப்போது இரண்டு வகை இருந்தது. ஒன்று வெளியிலிருந்து வரும் கூண்டு வால்வு. சின்ன உலோகக் கூண்டுக்குள் ஒரு உருண்டை ஏறி இறங்கும். எளிதில் தேயாது. ஆனால் அதன் மேல் ரத்தம் உறைந்துவிடும் என்பதால், உறையாமல் இருக்க ஆயுளுக்கும் மாத்திரை போட வேண்டும், மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும். அந்த மாத்திரை வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஆகாது. மற்றது நாங்கள் செய்தது, பன்றியின் இருதயத்திலிருந்து எடுத்தது. அதைத் திசு வால்வு என்போம். சில வருஷங்களில் கிழிந்துபோகலாம். ஆனால் கொஞ்ச நாளில் மாத்திரையை நிறுத்திவிடலாம். கல்யாணமான இளம்பெண்ணுக்கு அதுதான் சரி என்று டாக்டர் எனக்கே பாடம் நடத்தியிருக்கிறார்.

கடற்கரைப் பக்கத்துத் தெரு ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்காகச் சனிக்கிழமை காலையில் பன்றி அறுப்பார்கள். மீன் கம்பெனியில் வாங்கிய ஐஸை நொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டு நான் போவேன். எனக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த நேரம். வாத்தியார் மகள் பன்றி அறுக்கிற இடத்தில் டப்பாவோடு நிற்கிறாள் என்று நாசரேத்தில் தெரிந்தால் வருகிற மாப்பிள்ளையும் பஸ்ஸிலேயே திரும்பிவிடுவான். அறுப்பவர் மிக்கேல் அண்ணாச்சி. என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. "ஏளா, நெஞ்ச மட்டும் கொண்டுபோற. கறிய எவன் திங்கதுக்கு?" என்பார். ஆனால் கத்தி படாமல் இருதயத்தை முழுதாக எடுத்துத் தருவார்.

லேபுக்கு வந்ததும் உப்பு நீரில் ரத்தம் போகும்வரை கழுவ வேண்டும். பிறகு இருதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயை அடியோடு வெட்டி எடுத்தால், உள்ளே மூன்று இதழ்கள் இருக்கும். நனைந்த வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக இருக்கும். ஒன்றின் அடியில் மட்டும் சதை தடித்திருக்கும், அதைச் சீவ வேண்டும். கை கொஞ்சம் தவறினால் இதழ் போய்விடும். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஊசி முனை அளவு ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்போம். மேலிருந்து தண்ணீர் விட்டால் மூன்று இதழும் ஒன்றோடொன்று சேர்ந்து மூடிக்கொள்ள வேண்டும். ஒரு சொட்டு கசிந்தாலும் குப்பைக்குத்தான். தேறியதைக் குளூட்டரால்டிஹைடு என்ற திரவத்தில் பதப்படுத்துவோம். திரவப் புட்டியைக் கொஞ்சம் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால், அந்த அழுத்தத்தில் இதழ்கள் மூடியபடியே பதப்படும். அந்த வாடை கண்ணைக் கரிக்கும். நான் அழுதுகொண்டே வேலை பார்ப்பதாக வார்டில் பேசிக்கொள்வார்கள்.

பதப்பட்டதைத் துணி சுற்றிய வளையத்தில் டாக்டரே தைப்பார். ஜன்னலோரம் உட்கார்ந்து பொறுமையாகத் தைப்பார். தையல் சரியில்லை என்றால் யாரையும் திட்டாமல் நூலை வெட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். தைத்து முடித்ததும் என் பக்கம் நீட்டி, "மூடுதா பாருங்க எஸ்தர்" என்பார். நான் தண்ணீர் விட்டுப் பார்த்து, மூடுகிறது என்று சொன்ன பிறகுதான் புட்டிக்குள் போகும். வெளிநாட்டில் படித்தவர் என் வாய்ச் சொல்லுக்காகக் காத்திருப்பது எனக்குப் பெருமையாக இருக்கும்.

அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. நோயாளி உட்கார்ந்ததும் முதலில் "எந்த ஊரு?" என்று கேட்பார். ஊரைக் கேட்ட பிறகுதான் பேச்சை எடுப்பார். ஆற்றுப்பாசன ஊர்க்காரரிடம் நெல்லைப் பற்றிப் பேசுவார். சங்கு குளிக்கிறவரிடம் கடலைப் பற்றிப் பேசுவார். யாருக்கு எது சங்கடமோ அது அவர் வாயில் வராது.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான் வளர்ந்தோம். கிறிஸ்துமஸுக்கு முஸ்லிம் வீடுகளுக்குப் போகும் தட்டில் முறுக்கும் அதிரசமும் மட்டும்தான் இருக்கும். சைவக்காரர் வீட்டுக்குப் போனால் முந்தின நாள் என்ன சமைத்தோம் என்ற பேச்சே வராது. அடுத்தவர் மனம் கோணாமல் தெரிந்து நடந்துகொள்வது என்று இதற்குப் பெயர். அதில் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆஸ்பத்திரியிலும் அதே பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. மற்றவர்களிடம் திசு வால்வு என்போம், எந்த மிருகம் என்று அவர்களாகக் கேட்டால் ஒழிய சொல்ல மாட்டோம். முஸ்லிம் நோயாளிகளிடம் அப்படி ஒரு வால்வு இருப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டோம். நேரே கூண்டு வால்வுதான். இப்படிச் செய்யச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. யாரும் தப்பு என்றும் சொல்லவில்லை.

ருக்கையா காயல்பட்டினத்துப் பெண். இருபது வயதை ஒட்டி இருக்கும். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார். அவர் கொழும்பில் கடை வேலை, வருவதும் போவதுமாக இருந்தார். சின்ன வயதில் மூட்டு வலியோடு வந்த காய்ச்சலில் இருதய வால்வு கெட்டுப்போயிருந்தது. மாடிப்படி ஏற முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது. வெள்ளைத் துப்பட்டி போர்த்திய அவளுடைய உம்மாதான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெரிய டாக்டரிடம் அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஆபரேஷன் செஞ்சா எம் மவ புள்ள பெத்துக்கிடலாமா?"

"முதல்ல அவங்க நல்லா மூச்சு விடட்டும்மா" என்றார் டாக்டர்.

அவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் லேபுக்கு வந்தார். மேஜையில் அந்த மாதத்து வால்வுகள் புட்டிகளில் இருந்தன. அவற்றைப் பார்த்தபடி நின்றார்.

"திசு போட்டா அந்தப் புள்ளைக்கு நல்லது" என்றார். "நீங்க அவங்ககூடப் பேசிட்டு இருந்தீங்களே எஸ்தர். சொல்லிப் பாக்கலாமா?"

அவர் என்னைக் கேட்டார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் எனக்குத் தொண்டையில் நிற்பது இதுதான். அவர் முடிவு செய்துவிட்டு என்னிடம் வரவில்லை. கேட்டார்.

"வேண்டாம் டாக்டர்" என்றேன். "காயல்பட்டினம். அவங்ககிட்டப் போய் பன்னின்னு எப்படிச் சொல்ல? கேட்டாலே மனசு நொந்துபோவாங்க. ஆஸ்பத்திரி பக்கமே வரமாட்டாங்க."

அவர் ஒரு புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு, "அதுவும் சரிதான்" என்றார். எனக்கு அன்றைக்கு வெட்கமே இல்லை. பெரிய டாக்டருக்கே நயம் சொல்லிக்கொடுத்த மாதிரி ஒரு திருப்திகூட இருந்தது. அந்தத் திருப்தியை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

ரயிலில் ருக்கையாவும் உம்மாவும் நானும் ஒரே பெட்டியில் போனோம். வேறு நோயாளிகளுக்கான திசு வால்வுகள் என் மடியில் இருந்தன. குலுங்கக் கூடாது என்று கீழே வைக்கவில்லை. மணியாச்சி தாண்டியதும் உம்மா தூக்குச்சட்டியைத் திறந்து, "எஸ்தரம்மா, இது எங்க ஊரு கறி. நீங்க எங்க கறி சாப்பிடுவீங்களா, மாட்டீங்களா? கேட்டாத்தான தெரியும்" என்றார். சாப்பிடுவேன் என்றேன். இலையில் இரண்டு தடவை அள்ளி வைத்தார். ருக்கையா என் மடியைப் பார்த்து, "என்னக்கா, பச்சப்புள்ளய வச்சிருக்க மாதிரி வச்சிருக்கீங்க" என்றாள். மருந்து என்றேன்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. உள்ளே கூண்டு வால்வு வைக்க டாக்டர் அளவெடுத்தபோது, என் பெட்டியில் இருந்த ஒரு திசு வால்வும் அதே அளவுதான் என்று தெரிந்தது. அன்றைக்கு அது யாருக்கும் தேவைப்படவில்லை. ருக்கையா தேறி ஊர் திரும்பும்போது, அதே ரயிலில், அதுவும் என் மடியில் திரும்பி வந்தது. யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த ஒரு வருஷம் மாதாமாதம் ரத்தம் கொடுக்க வருவாள். முகத்தில் நிறம் வந்திருந்தது. அமைதியான அறையில் அவள் பக்கத்தில் நின்றால் கூண்டுக்குள் உருண்டை ஏறி இறங்கும் டிக் டிக் சத்தம் நமக்கே கேட்கும். "எங்க மாப்புள இப்ப கடிகாரமே கட்டுறதில்லக்கா, எங்கிட்ட வந்து நேரம் கேக்காரு" என்று சிரிப்பாள். ஊசி குத்தும்போது கையை நீட்டிவிட்டு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். என்னிடம் அவளுக்கு நல்ல ஒட்டுதல். எனக்கு நிச்சயமான அன்று, முதலில் சொன்னது அவளிடம்தான்.

ஒருநாள் ஊசி குத்திக்கொண்டிருக்கும்போது கேட்டாள். "இந்த மாத்திரைய சாப்புட்டுக்கிட்டே புள்ள பெத்தா என்னாகும்க்கா?"

"அதெல்லாம் கூடாதுளா. மாத்திரை புள்ளைக்கு ஆகாது. ஊனமாப் பொறக்கலாம், தங்காமலும் போவலாம்."

"மாத்திரைய நிப்பாட்டுனா?"

"உனக்கு ஆகாது."

அவள் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு ஒருமுறை வந்தாள். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. ஆள் அனுப்பி விசாரித்தோம். கொழும்புக்குப் போயிருக்கிறாள் என்று பதில் வந்தது. அவள் எங்கும் போகவில்லை. முழுகாமல் இருந்தாள். சொன்னால் கலைக்கச் சொல்வோம் என்று தெரியும், அதனால் வீட்டோடு இருந்துகொண்டாள். பிள்ளைக்கு ஆகாது என்று நான் சொன்னதைக் கேட்டு மாத்திரையையும் நிறுத்தியிருந்தாள்.

காரில் தூக்கிக்கொண்டு வந்தபோது வயிறு நன்றாகத் தெரிந்தது. நீலம் பாய்ந்த உதடு. நான் பக்கத்தில் போய் நின்றேன். டிக் டிக் சத்தம் கேட்கவில்லை. குனிந்து காதை வைத்துப் பார்த்தேன். துணியைப் போட்டு மூடின மாதிரி மங்கலாக ஏதோ கேட்டது. வால்வில் ரத்தம் உறைந்து உருண்டை சிக்கிக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர் ஊரில்தான் இருந்தார், ஓடி வந்தார். ஆனால் நெஞ்சைத் திறக்க வேண்டிய வேலை அது. ரயில் தூரத்துக்கு அவள் தாங்க மாட்டாள் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

அவளுக்கு நினைவு இருந்தது. மூச்சுக்கு நடுவில் என் கையைப் பிடித்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? திட்டினேன். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, ஏம்ளா மாத்திரைய நிறுத்துன?" என்று கேட்டேன். சாகக் கிடக்கிற பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது?   அன்று மத்தியானமே போய்விட்டாள், வயிற்றில் இருந்ததோடு.

டாக்டர் கைகழுவும் தொட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. "மாத்திரைய நிறுத்திட்டாங்க எஸ்தர். நாம என்ன செய்ய?" என்றார். ஆமாம் டாக்டர் என்றேன். நாங்கள் இரண்டு பேரும் அதைத்தான் பிடித்துக்கொண்டோம். அந்தப் பெண் சொன்னபடி கேட்கவில்லை, போய்விட்டாள். பல மாதங்கள் அப்படியே சொல்லிக்கொண்டு சோறு தின்றோம், வேலை பார்த்தோம், சனிக்கிழமைதோறும் நான் ஐஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பிறகு ஒருநாள் ருக்கையாவின் உம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கூடவே தன் தங்கை மகளைக் கூட்டி வந்திருந்தார். அவளுக்கும் அதே மூச்சிரைப்பு, அதே வால்வுக் கோளாறு. அந்த அம்மாவைப் பார்த்ததும் நான் உள்ளே போய்விடப் பார்த்தேன். அவரோ என்னைப் பார்த்து, "நல்லாருக்கீங்களா எஸ்தரம்மா, கல்யாணம் நல்லா நடந்துச்சா?" என்று விசாரித்தார். அந்தப் பெண்ணை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு என்னோடு லேபுக்குள் வந்தார்.

"இந்தப் புள்ளைக்காவது பன்னியோட வால்வு வைக்கச் சொல்லுங்க டாக்டர்கிட்ட" என்றார்.

 அவர் என்னமோ கடையில் சாமான் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"எங்க மாப்புளயோட கொழும்பு முதலாளி மச்சானுக்கு, சீமைக்குப் போயி வால்வு மாத்துனாங்களாம். பன்னியோடதாம். மாத்திரை தேவையில்லையாம். எங்க பள்ளிவாசல் ஆலிம்சாகிட்டயும் கேட்டுட்டோம். உயிருக்கு நிர்ப்பந்தம், வேற நல்ல வழி இல்லைன்னா மார்க்கத்துல கூடும்னு சொல்லிட்டாரு. அப்படி ஒண்ணு இப்ப இங்கனயும் வந்துட்டதா கேள்விப்பட்டோம். அதான் கூட்டியாந்தேன்."

"உங்களுக்கு எப்ப தெரியும் உம்மா?" என்று கேட்டேன். 

"மாப்புள அப்பவே சொன்னாரு, ருக்கையா முழுகாம இருக்கையில. இப்படி ஒரு வால்வு இருக்காமே, ஆஸ்பத்திரியில கேட்டுப் பாருன்னாரு. அவதான் கேக்கல. 'அப்படி ஒண்ணு இருந்தா எஸ்தர் அக்கா எங்கிட்டச் சொல்லாமயா இருப்பாங்க'ன்னுட்டா."

 அவர் என் முகத்தையே பார்த்தார். சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர் குரல் மெல்ல இறங்கியது.

"அப்ப உங்ககிட்ட அது இல்லதான, மவளே?"

இல்லை என்று நான் சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்தார். எதிர்பார்த்தார் என்று சொல்வதைவிட, சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் அது தெரிந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரும் நிம்மதியாகப் போயிருப்பார், நானும் தப்பித்திருப்பேன்.

"இருந்துச்சு உம்மா" என்றேன்.

அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். துப்பட்டியின் முனையை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். வராந்தாவில் அந்தப் பெண் இருமுவது கேட்டது.

"அப்ப ஏன் எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"உங்க மனசு நொந்துரக் கூடாதுன்னு..." என்று இழுத்தேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பிள்ளைக்குச் சொல்வதுபோல, பொறுமையாகச் சொன்னார்.

"நோவட்டுமே மவளே. எங்க மனசு நொந்துட்டுப் போவட்டுமே. எம் மவ இருந்திருப்பால்லா."